சதுரத்தைவிடக் குறுகலான ஊர்

1

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து வந்தது. ஒரு முகத்திலிருந்தோ, பேருந்தில் காதில் விழுந்த பேச்சிலிருந்தோ வந்தது என்று சொன்னால் உங்களுக்கும் பிடித்திருக்கும், எனக்கும் கௌரவமாக இருக்கும். ஆனால் அட்டவணைதான். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் ஒரு மொழியின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் யாரோ பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தார்கள். ஒரே வேலையை இரண்டிலும் எழுதிப் பார்த்து, எது எவ்வளவு இடம் பிடிக்கிறது, எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று இரண்டு பத்திகள். அளவு. நேரம்.

எனக்கு இந்த மாதிரி அட்டவணைகள் பிடிக்கும். ஒரு சாமான் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வதில் உள்ள சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. அதனால் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க, மூன்றாவதாக ஒரு பத்தி இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. விடைக்காகக் காத்திருந்தவரிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்ற பத்தி.

அதை நிரப்பத்தான் எழுத உட்கார்ந்தேன். நிரப்ப முடியவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

[மொழியின் பெயரைச் சொல்லமாட்டேன். உண்மையான மொழிகளுக்கு உண்மையான பதிப்புகள் உண்டு. நான் கற்பனை செய்யும் குறைகளை அவற்றின் தலையில் கட்டுவது நியாயமில்லை. பழையது, புதியது என்றே வைத்துக்கொள்வோம்.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"1967 ஆடி மாதம். மண்டபத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த ஓர் அலுவலகத்தில், லீமாரோஸ் கட்டம் போட்ட தாளில் கடலை வரைந்துகொண்டிருந்தாள்."

எழுதி முடித்ததும் பயம் வந்தது. தனுஷ்கோடியில் கடல்தொழில் செய்யும் வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், அந்த வருடங்களில், கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதினாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆணாக்கிப் பார்த்தேன்.

"1967 ஆடி மாதம். மண்டபத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த ஓர் அலுவலகத்தில், மரியசெல்வம் கட்டம் போட்ட"

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஆணாக்கியதும் சந்தேகம் போய்விட்டது, கூடவே கதையும் போய்விட்டது. அந்த வீட்டு ஆண் என்றால் 1964 மார்கழிப் புயலன்று தனுஷ்கோடிக் கரையில் மீன்பிடி வள்ளத்தோடு நின்றிருப்பான். மூன்று வருடம் கழித்துத் தாளில் கடல் வரைய மிஞ்சியிருக்க மாட்டான். ஆகவே மறுபடியும் லீமாரோஸ். நம்ப முடியாதவள்தான் உயிரோடு இருக்கிறாள்.

அவளைப் பற்றித் தெரியவேண்டியது கொஞ்சம்தான். பாம்பனில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். தனுஷ்கோடியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். புயலடித்த அன்று கிறிஸ்துமஸுக்குத் தைக்கக் கொடுத்த துணியை வாங்கிவரப் பாம்பனுக்குப் போயிருந்தாள். திரும்பிப் போக ஊர் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை, வீடு இல்லை, புருஷன் வியாகுலம் இல்லை. பிறகு தங்கச்சிமடத்தில் கொழுந்தன் சவேரியாரின் குடும்பத்தோடு இருந்துகொண்டு, இந்த அலுவலகத்துக்குக் கூட்டல் போட வந்தாள். கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினில் நாள் முழுக்க எண்களைக் கூட்டுவது வேலை. அங்கே உதவி விஞ்ஞானியாக இருந்த குருநாதன் ஒருநாள் ஒரு கையேட்டை அவள் மேசையில் வைத்து, "இதயும் பாருங்க டீச்சர், கணக்குத்தான்" என்றார். குருநாதன் கடலாடிப் பக்கம், மழை பார்த்து விதைத்துப் பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. கடலைப் பற்றி எல்லாம் படித்தவர், ஆனால் கடலில் கால் நனைத்ததில்லை.

அலுவலகம் ஒரு நிரலை எழுதிக்கொண்டிருந்தது. காற்று எங்கே எவ்வளவு என்று தந்தியில் வரும் தகவல்களைக் கொடுத்தால், இந்தக் கரையில் எந்த ஊரில் கடல் எவ்வளவு உயரும் என்று அது சொல்ல வேண்டும். சோதித்துப் பார்க்க ஒரு பழைய புயலின் தகவல்கள் வேண்டும். கையில் இருந்தது ஒரே புயல்.

அதனால்தான் லீமாரோஸ் இரவு பகல் அந்தத் தாள்களை விடவில்லை. அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். இந்த நிரல் அன்றைக்கே இருந்திருந்தால், தண்ணீர் வருவதற்குமுன் விடை வந்திருக்குமா?

[அப்படி ஓர் அலுவலகமும் அப்படி ஒரு நிரலும் நான் கட்டியவை. புயல் மட்டும் நான் கட்டியதல்ல.]

3

கடலைக் கணக்கில் போடுவது எப்படி? பொறுமையாகச் சொல்கிறேன், கஷ்டமில்லை.

வரைபடத்தின் மேல் சதுரங்கள் போடுங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண்: அங்கே தண்ணீர் எவ்வளவு உயரம். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, பக்கத்துச் சதுரங்களில் தண்ணீர் கூடவா குறைவா என்று பார்த்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தச் சதுரத்தில் எவ்வளவு இருக்கும் என்று கூட்டிக் கழியுங்கள். இப்படி எல்லாச் சதுரத்துக்கும். முடிந்ததும், அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து என்ன ஆகும் என்று மறுபடியும் முதல் சதுரத்திலிருந்து. கூட்டலும் கழித்தலும் சின்ன வகுப்புக் கணக்குதான். எத்தனை தடவை என்பதுதான் மனிதரால் ஆகாதது. அதற்கு இயந்திரம்.

இயந்திரம் சென்னையில் இருந்தது. லீமாரோஸ் அதைப் பார்த்ததில்லை. பென்சிலால் கட்டத்துக்கு ஓர் எழுத்து வீதம் எழுதி முடித்த தாள்கள் மாலை ரயிலில் போகும். அங்கே யாரோ அதை அட்டைகளில் துளையாக்கி இயந்திரத்துக்கு ஊட்டுவார்கள். பதில் வர ஒரு வாரம், சில சமயம் இரண்டு. ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால், 'காற்புள்ளி தப்பு' என்று ஒரு வரி மட்டும் அத்தனை தூரம் பயணம் செய்து வந்து சேரும். அதனால் அவள் தப்பில்லாமல் எழுதப் பழகினாள். அனுப்புவதற்குமுன் தானே இயந்திரமாக இருந்து, வரிமேல் விரல் வைத்து, முழு நிரலையும் ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள்.

அந்த வருடம் மொழிக்குப் புதிய பதிப்பு வந்தது. இரண்டிலும் எழுதிப் பார்த்து எது மேல் என்று சொல்லும் வேலை அவளுக்கு வந்தது.

"பழசுக்கும் புதுசுக்கும் என்ன சார் வித்தியாசம்? எழுதுறது ஒண்ணுபோலத்தான இருக்கு."

குருநாதன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "உங்க கோயில்ல வெள்ளக்காரச் சாமியார் பிரசங்கம் வச்சா எப்பிடி நடக்கும்?"

"அவரு ஒரு வரி சொல்லுவாரு. உபதேசியார் அதத் தமிழ்ல சொல்லுவாரு. அப்புறம் அடுத்த வரி."

"அதான் பழசு. நாம எழுதுன வரிய மெஷின் ஒண்ணொண்ணாப் படிக்கும், அது பாசைக்கு மாத்தும், செஞ்சிட்டு மறந்துரும். அதே வரி ஆயிரந்தடவ வந்தா ஆயிரந்தடவயும் மொழிபெயர்ப்பு."

"ஒரே ஜெபத்தத் திருப்பித் திருப்பிச் சொல்ற ஜெபமாலைக்கு உபதேசியார வச்சாப்பில. விடிஞ்சிரும்."

"விடிஞ்சிரும்ல? புதுசுல பிரசங்கத்த முழுசா முன்னாடியே தமிழ்ல எழுதி வச்சிருவாக. பெறகு சாமியாரும் வேணாம், உபதேசியாரும் வேணாம். கடகடன்னு வாசிக்க வேண்டியதுதான்."

"அப்ப புதுசுதான சார் நல்லது?"

"எழுதி வைக்கத் தாள் வேணும்ல டீச்சர். உபதேசியாருக்குத் தாள் எதுக்கு, நாக்குப் போதும்."

நான் பார்த்த அட்டவணை முழுவதும் இந்த உரையாடலில் இருக்கிறது. பழையது சின்னது, மெதுவானது. புதியது வேகமானது, இடத்தை அடைப்பது. அட்டைக்கட்டின் கனத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. இரண்டுக்கும் அட்டைகள் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் இயந்திரத்தின் நினைவுக்குள் போன பிறகுதான் தெரியும். அந்த நினைவோ இன்று ஒரு பொம்மையில் இருப்பதைவிடச் சிறியது. நிரலும் அதற்குள்தான் இருக்க வேண்டும், கடலும் அதற்குள்தான் இருக்க வேண்டும்.

4

பழைய பதிப்பின் விடை முதலில் வந்தது. சரியாக ஓடியிருந்தது. ஒரு நாளின் கடலைக் கணக்கிட இயந்திரத்துக்கு ஒரு நாளைவிட அதிக நேரம் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த சவேரியார், சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டான்:

"என்ன மதினி, பெட்டி என்ன சொல்லுச்சாம்?"

"வந்துருக்காதாம்."

"எது?"

"சேதி. அன்னைக்கே அந்தப் பெட்டி இருந்திருந்தாலும், எல்லாம் முடிஞ்சு மறுநாத்தான் சேதி வந்துருக்கும்."

"இதச் சொல்ல ஒரு பெட்டி, அதுக்கு ஒரு மெட்ராசு. என்னையக் கேட்டிருந்தா இங்கன உக்காந்தே சொல்லியிருப்பேன்ல." அவன் சோற்றைப் பிசைந்தான். "ஏன் மதினி சிரிக்கிறீக?"

"சிரிக்கல."

சிரிக்கவில்லைதான். ஆனால் அன்றைக்கு அவள் இரண்டாந்தரம் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். மூன்று வருடமாக அவள் நெஞ்சுக்குள் ஒருத்தர் உட்கார்ந்து, யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரே ஒரு வார்த்தை, என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆகவே யாரும் குற்றவாளியில்லை. துணி வாங்கப் போனவளும் இல்லை.

(இந்த ஆறுதலை ஒரு வரைவில் எடுத்துவிட்டிருந்தேன். புருஷனை எதுவும் காப்பாற்றியிருக்காது என்று கேட்டு நிம்மதியாகச் சாப்பிடும் பெண்ணை வாசகர் வெறுப்பாரோ என்று நினைத்தேன். பிறகு, அந்த மாதிரி நிம்மதி தேவைப்படாத வாசகர் எனக்கு வேண்டாம் என்று திரும்ப வைத்துவிட்டேன்.)

5

ஆகவே புதிய பதிப்பில் எழுதத் தொடங்கியபோது, அது தோற்க வேண்டும் என்றுதான் அவள் விரும்பினாள்.

தோற்கடிப்பது சுலபம். திரும்பத் திரும்ப நடக்கும் கணக்கில், ஒருதடவை செய்தால் போதும் என்கிற வரியைச் சுற்றுக்கு வெளியே வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அதைச் சுற்றுக்கு உள்ளே தள்ளிவிட்டால் போதும். ஒவ்வொரு சதுரத்துக்கும், ஒவ்வொரு தடவையும், தேவையே இல்லாமல் இயந்திரம் அதையும் செய்துகொண்டிருக்கும். தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. விடை மாறாது. நேரம் மட்டும் போகும். லீமாரோஸ் அப்படி ஒரு வரியை உள்ளே எழுதினாள். பார்த்தாள். ரப்பரால் அழித்துவிட்டு வெளியே எழுதினாள். பிள்ளைகள் அப்படி எழுதினால் அடித்துத் திருத்தியிருப்பாள்.

பதில் வந்தது. இடம் போதவில்லை. நிரலின் மொழிபெயர்ப்பே நினைவின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. கடலுக்கு மிச்சம் இல்லை.

அவள் மறுபடியும் நிம்மதியடைந்தாள். குருநாதன் விடவில்லை. வரைபடத்தை விரித்தார்.

"சதுரத்தப் பெருசாக்கிருவோம் டீச்சர். எண்ணிக்க கொறயும்."

"பெருசாக்குனா தனுஷ்கோடி ஒரு சதுரத்துக்குக் காணாது சார். மணலு அம்புட்டு ஒடுக்கம்."

"ஆமா. அதச் சதுரமாப் போடவேணாம். கோடாப் போட்டுருவோம். வடக்க ஒரு கடல், தெக்க ஒரு கடல், நடுவுல சுவரு. ரெண்டயும் தனித்தனியாப் போட்டுக்கலாம். நெலம் முங்குதா முங்கலையான்னு பாக்குற பகுதி இருக்குல்ல, அதான் ப்ரோகிராம்லயே நீளம். அதயும் தூக்கிரலாம்."

"தண்ணி சுவரத் தாண்டாதா?"

"கணக்குல தாண்டாது."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

அவள் ஏன் பென்சிலைக் கீழே வைத்தாள் என்று புரிய, அந்த ஊர்க்காரர்கள் பிழைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். தனுஷ்கோடிக்கு வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே ஆண்கடல். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் பெண்கடல் குழம்பும். வள்ளங்களை மணலில் இழுத்துக்கொண்டு தெற்குக் கரைக்குப் போவார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் சீறும். மறுபடியும் வடக்கே இழுப்பார்கள். ஒன்று கோபித்தால் மற்றது தாங்கும். இரண்டு கடலும் ஒரே நாளில் கோபித்ததாக அங்கே யாருக்கும் நினைவில்லை. புயலன்று வியாகுலமும் மற்றவர்களும் வடக்கே இருந்த இரண்டொரு வள்ளங்களையும் தெற்கே இழுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே காவலுக்குத் தங்கினார்கள். நடுவில்தான் மணல் இருக்கிறதே. மணல் இல்லாமல் போவது அவர்கள் கணக்கில் இல்லை. அன்று ராத்திரி வடக்குக் கடல் மணலைத் தாண்டித் தெற்கே வந்தது.

"சார், இந்தச் சுவர நம்பித்தான் அவுக அங்கன படுத்திருந்தாக."

குருநாதன் வரைபடத்தின் சுருண்ட ஓரத்தை விரலால் நீவினார். பிறகு மெல்லச் சொன்னார்: "அங்கன இப்ப ஆளில்லையே டீச்சர். குடியிருக்கத் தோதில்லாத எடம்னு சர்க்காரே சொல்லியாச்சு."

"எங் கொழுந்தன் இருக்கான்."

"எங்கன?"

"அங்கனதான். வாடை முடிஞ்சதும் போயிக் கொட்டாய் போட்டுக்கிட்டான். சோத்துக்கு வேணும்ல. இன்னும் கொஞ்சப் பேரு இருக்காக."

"சர்க்கார் கணக்குல இல்லையே" என்றார் அவர். மன்னிப்புக் கேட்கிற குரல் அது. "வேற வழி இருந்தாச் சொல்லுங்க. நான் எழுதுறேன்."

அந்த மாதம் முழுக்க அவள் வேறு வழி தேடினாள். சதுரங்களை ஓரிடத்தில் பெரிதாகவும் ஓரிடத்தில் சின்னதாகவும் போட்டுப் பார்த்தாள். அந்தச் சதுரங்களை இணைக்கவே இன்னொரு நிரல் வேண்டியிருந்தது, அது இன்னும் நீளம். எண்களின் கடைசி இலக்கங்களை வெட்டிப் பார்த்தாள். கணக்கில் கடல் தன்னால் ஏறி இறங்கிப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. வழி இருந்திருந்தால் அதை இங்கே மகிழ்ச்சியோடு விளக்கியிருப்பேன். எனக்கு அதைவிடப் பிடித்த காரியம் இல்லை.

கடைசியில் அவளே சுவரை எழுதினாள்.

6

கொஞ்சம் நிறுத்திக்கொண்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கதைக்கும் இரண்டு பதிப்புகள் இருந்தன.

பழைய பதிப்பு மிக நீளம். அதில் எல்லாம் இருந்தது. தனுஷ்கோடியின் ரயில் சத்தம், வியாகுலத்தின் பல் விளக்கும் பழக்கம், அவனுக்கும் லீமாரோஸுக்கும் ஒரு துவையலை முன்னிட்டு நடந்த சண்டை. படித்துப் பார்த்த நண்பர் தண்ணீர் வருவதற்குமுன்பே தூங்கிப்போனார். புதிய பதிப்புதான் இப்போது உங்கள் கையில் இருப்பது. இது கச்சிதம். ஓட்டம் இருக்கிறது. இதை ஓடவைக்க எதையாவது வெட்ட வேண்டியிருந்தது. வெட்டி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் எதை வெட்டியிருக்கிறேன் என்று தெரிந்தது. மேலே போய்ப் பாருங்கள். வியாகுலம் இந்தக் கதையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசினான். பழையதில் இருந்தது. வாசலில் நின்றுகொண்டு, "நீ போயிட்டு வா, நான் இந்த வள்ளத்த மட்டும்

இடமில்லை.

7

புதிய பதிப்பின் விடையை அஞ்சலில் விடாமல், சென்னைக்குப் போய்க் குருநாதனே கொண்டுவந்தார். காலை ரயிலில் இறங்கி, முகங்கூடக் கழுவாமல், மடித்த தாள்கட்டோடு நேரே அலுவலகத்துக்கு வந்தார். லீமாரோஸ் மெஷினில் கூட்டிக்கொண்டிருந்தாள். கைப்பிடியைப் பாதியில் நிறுத்தினாள்.

"ஓடிருச்சு டீச்சர்."

"நேரம்?"

"நல்ல நேரம்." அவர் உட்காரவில்லை. "அன்னைக்கு மத்தியானத் தந்திய வச்சுப் போட்டிருந்தா, வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்திருக்கும். தண்ணி ஏறுனது நடுச்சாமத்தில. சைக்கிள்ல ஒரு ஆளு போயிச் சொல்லியிருந்தாக்கூட..."

நிறுத்திக்கொண்டார். அவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு இப்போது வேறு பதில்.

"காட்டுங்க சார்."

தாளை விரித்தார். ராமேஸ்வரத்துக்கு வந்த எண்ணும், தேவிபட்டினத்துக்கு வந்த எண்ணும், மக்கள் சுவரில் காட்டிய தண்ணீர்க் கறைகளோடு ஏறக்குறையப் பொருந்தின. புதுமடத்துக்கும் சரியாக இருந்தது. ஒரு கணக்கு கடலோடு பொருந்துவதைப் பார்க்க அழகாக இருக்கும். இதை எழுதும்போதுகூட எனக்கு அந்தச் சந்தோஷம் வந்துவிட்டது, வந்ததற்காக வெட்கப்படுகிறேன். அவள் விரல் கிழக்கே நகர்ந்து கோட்டுக்கு வந்தது. கோட்டுக்கு வடக்கே எண்கள் ஏறி ஏறி நின்றன. கோட்டுக்குத் தெற்கே சின்ன எண்கள்.

"வடக்க தண்ணி சுவர்ல வந்து குமிஞ்சு நிக்குது" என்றாள். "தெக்க ஒண்ணுமில்ல."

"ம்."

"சைக்கிள்காரரு வந்து என்ன சொல்லியிருப்பாரு சார்? வடகரையில நிக்காதீக, தெக்க போயிருங்கன்னுதான?"

தாளை மடிக்கப் போன குருநாதன், மடிக்காமல் விட்டார்.

சேதி நேரத்துக்கு வந்திருக்கும். வந்து, வியாகுலம் படுத்திருந்த இடத்துக்கே அவனை அனுப்பியிருக்கும். ஏற்கெனவே அங்கே இருந்தவனை, அங்கேயே இரு என்று சொல்லியிருக்கும். வடக்கே, ஸ்டேஷன் பக்கம், குடியிருப்பில் இருந்த மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் வைத்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சவேரியார் கேட்டான்:

"புதுப் பெட்டி என்ன சொல்லுதாம்?"

"பெட்டி பழசுதான். பாசதான் புதுசு. நேரத்துக்கு வந்துருக்குமாம்."

அவன் நிமிர்ந்தான். "வந்து?"

"தெக்க போகச் சொல்லியிருக்கும்."

சவேரியார் வெற்றிலையை மடித்து, வாயில் போடாமல் கையில் வைத்திருந்தான். பிறகு சொன்னான்: "அப்ப அந்தப் பெட்டியும் எங்க ஊருக்காரந்தான் போல."

"நீங்க இங்கனயே இருங்க. அங்கன போகவேணாம்."

"இங்கன என்ன மதினி, உங்க ஆபீசுக்குள்ளயா மீனு நீந்துது? ஐப்பசி பொறந்திருச்சுன்னா வள்ளத்தத் தெக்க இழுக்கணும். ஆளு வேற பத்தாது."

"தெக்கயா?"

"வாடைக்கு வேற எங்க இழுக்கச் சொல்றீக?"

8

இனி இருப்பது முடிவு.

வாடை தொடங்குவதற்குமுன் அலுவலகம் ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்னை இயந்திரத்தில் இவர்களுக்குக் கிடைக்கும் நேரம் ஒன்றுக்குத்தான் காணும். ஒப்பிட்டவள் லீமாரோஸ், ஆகவே அவளே எழுதட்டும் என்று மேலே இருந்தவர் சொல்லிவிட்டார். அவள் இரண்டு தாள் எழுதினாள். ஒன்றில்: புதிய பதிப்பு. ராமேஸ்வரம் முதல் தேவிபட்டினம் வரை, இந்தப் பக்கம் புதுமடம் வரை, எல்லா ஊருக்கும் நேரத்தோடு எச்சரிக்கை கிடைக்கும், மணல்திட்டு நீங்கலாக. மற்றதில்: பழைய பதிப்பு. மணல்திட்டும் கணக்கில் உண்டு. யாருக்கும் நேரத்தோடு கிடைக்காது.

மணல்திட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று அடியில் ஒரு குறிப்புப் போட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அவளுக்கும் தோன்றியது. போட்டாள். குருநாதன் படித்துவிட்டு, "தந்தியில அடிக்குறிப்பு போகாது டீச்சர். ஊர்ப்பேரும் அடிக்கணக்கும்தான் போகும்" என்றார். சர்க்கார் கணக்கில் ஊர்ப்பேர் இல்லாத இடத்தைப் பற்றித் தந்தி எதுவும் சொல்லாது. பக்கத்துக் கடலில் தண்ணீர் கம்மி என்று மட்டும் சொல்லும்.

ஒரு முடிவில் அவளைப் புதிய பதிப்புக்குக் கையெழுத்துப் போடவைத்தேன். அது சரியான விடை. கரை முழுக்க எத்தனை ஊர், எத்தனை பிள்ளைகள். கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போய்ச் சவேரியாரின் மனைவிக்குச் சோறு வடிக்க உதவுகிறாள். அந்தக் காட்சியை எழுத முடியவில்லை. பேனா சோற்றுப்பானை வரை போய் நின்றுவிட்டது.

இன்னொன்றில் பழையதற்குப் போடவைத்தேன். அதில் அவள் யாரையும் விட்டுவிடவில்லை. யாரையும் காப்பாற்றவும் இல்லை. புதுமடத்தில் தண்ணீர் ஏறிய மறுநாள் மிகத் துல்லியமான விடை வந்து சேர்கிறது.

வேறொன்றில், பெரிய நினைவுள்ள இயந்திரம் வரட்டும் என்று காத்திருக்கச் செய்தேன். அப்படிப்பட்ட இயந்திரங்கள் பிறகு வந்தன என்று நீங்கள் சொல்லலாம். வந்தன. அவளிடம் இருப்பது இந்த வருட ஐப்பசி.

கடைசியாக, காற்றை மாற்றலாமா என்று பார்த்தேன். கதையில் அது என் கையில்தானே இருக்கிறது. 1964 மார்கழியின் தந்தியில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். புயல் கொஞ்சம் வடக்கே போய்விடும். வியாகுலம் வள்ளத்துக்கடியில் தூங்கி எழுந்து, பல் விளக்கிவிட்டு வீட்டுக்கு வருவான். அந்த எண்ணை எழுதினேன். பார்த்தேன். அழித்தேன். அது கணக்கைத் திருத்துவதல்ல, தந்தியைத் திருத்துவது.

எனக்குத் தெரிந்த விளக்கம் எல்லாம் சொல்லிவிட்டேன். எதுவும் மிச்சமில்லை. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் என்ன செய்வது என்றும் தெரிந்துவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

லீமாரோஸ் இரண்டு தாளையும் மேசையில் வைத்திருக்கிறாள். இரண்டிலும் கையெழுத்து இல்லை. குருநாதன் ஸ்டேஷனுக்குப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், ஆனால் அவசரப்படுத்தவில்லை. ஒரு தாளை எடுத்து அவரிடம் கொடுக்க வேண்டியது நீங்கள்.

யோசியுங்கள். ஆனால் நீங்கள் யோசிக்கும் நேரமும் கணக்கில் சேரும். மாலை ரயில் மண்டபத்தில் அதிகம் நிற்காது. அது போன பிறகும் நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால், பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள்.